மலையகத்துப் பிள்ளை உலகம் சுற்ற முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். முதலில் கட்டார், பிறகு மாலைதீவு, அப்புறம் ஐந்து ஒப்பந்தம் பயணிகள் கப்பலில். இப்போது வருசத்தில் பாதி நாள் ஊரில் வழிகாட்டி வேலை, மீதி நாள் பயணம். ஊரில் இருக்கும் நாட்களில் தம்பிமாரும் தங்கச்சிமாரும் பஸ்ஸிலும் கோயில் திருவிழாவிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் பிடித்து நிறுத்திக் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்லிவிட்டு வருவது மனசுக்குச் சரியாகப் படவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணா, லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வாழ்க்கை எல்லாம் சரிவருமா?

சரிவரும். இதைக் கேட்கும்போது பிள்ளைகளின் குரல் இறங்கிப் போகிறதே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நம் ஆட்கள் 1820களில் தொடங்கி கடல் தாண்டி வந்தவர்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தே வந்தவர்கள், வழியில் காய்ச்சலில் விழுந்தவர்களை அங்கேயே புதைத்துவிட்டு மிச்சப்பேர் நடந்தார்கள். முதலில் கோப்பி, 1867ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் தேயிலை. 1948ல் குடியுரிமை போனது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். அப்படியும் நாடில்லாமல் நின்றவர்களுக்கு 2003ல்தான் சட்டம் வந்தது. என் அப்பாயி சாகும்வரை கடவுச்சீட்டு என்ற ஒன்றைக் கையில் தொட்டதில்லை. அந்த மனுசியின் பேரன் கையில் அது இருக்கிறது என்றால் அதை இலாச்சிக்குள் பூட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆகவே உரிமை இருக்கா என்று யோசிக்காதீர்கள். யோசிக்க வேண்டியது வேறு ஒன்று: கடன் இல்லாமல் போக முடியுமா? இந்தப் பக்கம் முழுவதும் நான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதலில் என்ன செய்யவேண்டும்? மொழி படிக்கவா, கோர்ஸ் செய்யவா?

முதலில் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறங்கள்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, இந்த நாலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இங்கேயே இடிக்கும். பிறந்த நேரத்தில் அப்பா மலைக்கு வேலைக்குப் போயிருப்பார், தோட்டத்து ஆள் யாரோ பெயர் சொல்லியிருப்பார்கள், எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது. என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இராமையா. அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைவு. பாடசாலையில் ஆசிரியர் தன் காதுக்குக் கேட்டபடி 'ராமய்யா' என்று எழுதிவிட்டார். ஒரே மனுசன், காகிதத்தில் மூன்று பேர். அதைச் சரிசெய்ய எனக்கு ஏழு மாதம் போனது.

திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். பிறப்பே பதியப்படாமல் இருந்தால் காலங்கடந்த பதிவு என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் அங்கேதான். வயசானவர்கள் சிலருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று எடுக்கும்போது விலாசம் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் நமக்கு வீட்டு இலக்கம் இல்லை, தோட்டத்தின் பெயரும் அதன் பிரிவான டிவிசன் பெயரும்தான் விலாசம், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கேயே தூங்கிவிடும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து ஒன்பது நாளைக்குப் பிறகு கைக்குக் கிடைத்த ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். டவுனில் கடை வைத்திருக்கும் நம்பிக்கையான ஆள் யாராவது இருந்தால், அவருடைய விலாசத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகுதான் கடவுச்சீட்டு. தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில், நமக்குக் கிட்டே கண்டியிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. படத்தைக் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்கவேண்டும், அவர்களே நேராகத் திணைக்களத்துக்கு அனுப்புவார்கள். வேலை கிடைத்த பிறகு எடுக்கலாம் என்று இருக்காதீர்கள். 2022ல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது பத்தரமுல்லையில் ஆட்கள் விடிய விடிய வரிசையில் நின்றதை மறக்கவேண்டாம்.

ஏஜென்சி மூன்று இலட்சம், நாலு இலட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

2011ல் நான் கொடுத்தேன். இரண்டரை இலட்சம். கட்டாரில் ஹோட்டல் வேலை என்று டவுனில் ஒருவர் சொன்னார், அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின, மிச்சத்தை வட்டிக்கு எடுத்தோம். போய் இறங்கினால் ஹோட்டல் இல்லை, கட்டடம் கழுவும் கொம்பனி. ஒரு அறையில் பன்னிரண்டு பேர். சொன்ன சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கையில், அதுவும் இரண்டு மாதம் பிந்தி. திரும்பி வரலாம் என்றால் வட்டி நிற்கவில்லை. பதினாலு மாதம் உழைத்தது முழுக்க அந்தக் கடனுக்கே போனது. அந்தப் பதினாலு மாதத்தில் நான் தோஹாவில் கடற்கரையைக்கூட இரண்டு தடவைதான் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்தேன், ஆனால் எங்கேயும் போகவில்லை.

பழைய காலத்தில் துண்டு என்று ஒரு முறை இருந்ததைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கங்காணியிடம் எவ்வளவு கடன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருக்கும், அதைத் தீர்க்காமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. ஆளோடு சேர்த்து கடனும் கைமாறும். 1921ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வட்டிக்காசில் விமானம் ஏறுகிறவர் அதே துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறார் என்பது என் எண்ணம். மேற்பார்வையாளர் திட்டினாலும் வேலையை விட முடியாது, உடம்பு முடியாவிட்டாலும் நிற்க முடியாது.

இனி, விசயத்துக்கு வருகிறேன். தரை வேலை என்றால் அந்த ஏஜென்சி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததா, உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா, நீங்கள் போகப்போகும் அந்த வேலைக்கு அவர்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சொல்வார்கள், தமிழிலும் பேசலாம். போவதற்கு முன் நீங்களும் பணியகத்தில் பதிந்துகொள்ளுங்கள், பதியாமல் போனால் அங்கே ஏதாவது நடக்கும்போது காப்புறுதி கிடைக்காது. கப்பல் வேலை என்றால் விசயம் இன்னும் தெளிவு. கடல்சார் தொழிலாளர் சமவாயம், 2006 என்று ஒரு சர்வதேசச் சட்டம் இருக்கிறது. அதன்படி வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், இவற்றின் செலவு மட்டும் நம்முடையது. அதற்கு மேலே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வேலைக்குப் போனால் ஊர் சுற்ற முடியும்?

வேலை செய்யும் இடமே நகர வேண்டும், அல்லது வேலைக்கு நடுவில் நீண்ட லீவு இருக்கவேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றால் அது வெளிநாட்டு வேலைதான், பயண வாழ்க்கை ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நிறையப்பேர் ஏமாறுகிறார்கள்.

பயணிகள் கப்பலில் ஆறு முதல் ஒன்பது மாதம் வேலை, பிறகு ஆறு முதல் பத்து வாரம் லீவு. மாலைதீவு விடுதிகளில் வருசத்துக்கு ஒரு மாத லீவு, ஊருக்குக் கிட்டே, நம் நாட்டு ஆட்கள் நிறையப்பேர் இருப்பதால் முதல் வேலைக்கு நல்லது என்பேன். தென் கொரியா என்றால் பணியகம் மூலமாக மட்டும்தான், தனி ஏஜென்சி எதுவும் அதற்குள் வர முடியாது, வயசு 18 முதல் 39, கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணவேண்டும். தொழிற்சாலை வேலை, காசு சேரும், லீவு குறைவு. ஜப்பானுக்குக் குறிப்பிட்ட திறன் விசாவில் தங்குமிடத் துறைக்கும் ஆள் எடுக்கிறார்கள், மொழிப் பரீட்சையும் திறன் பரீட்சையும் இருக்கிறது, ஐந்து வருசம் வரைக்கும் இருக்கலாம்.

நான் போன வழியைச் சொல்கிறேன். கட்டாரிலிருந்து வந்த பிறகு பண்டாரவளையில் இருக்கும் சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளையில் ஹவுஸ்கீப்பிங் படித்தேன். லயத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம், அதனால் தங்குமிடச் செலவு இல்லை. படித்து முடித்து எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் ஒன்றரை வருசம், அப்புறம் மாலைதீவு. கப்பலுக்கு விண்ணப்பித்தபோது அவர்கள் பார்த்தது அந்தச் சான்றிதழையும் அந்த மூன்றரை வருச அனுபவத்தையும்தான். எங்கள் டிவிசனுக்குக் கிட்டேயே இருந்த பள்ளியை விட்டுவிட்டு, இரண்டரை இலட்சத்தைத் தூக்கிக்கொண்டு யார் யாரிடமோ அலைந்தேனே என்று இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கப்பல் வாழ்க்கை உண்மையில் எப்படி?

முதலில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கவேண்டும். தீயணைப்பு, கடலில் உயிர் தப்புதல், முதலுதவி, அப்படி. நீச்சல் தொட்டியில் குதிக்கச் சொல்வார்கள். ஹப்புத்தளையில் நீந்தப் படித்தவர் யார்? எனக்குத் தண்ணீர் என்றால் பீலியில் வாளி பிடித்த தண்ணீர்தான். மூன்றாம் நாள்தான் பயம் விட்டது. அப்புறம் மருத்துவச் சோதனை, மாலுமிப் புத்தகம், அமெரிக்கத் துறைமுகம் போகும் கப்பல் என்றால் கொழும்பில் தூதரகத்தில் நேர்முகம், சி1/டி என்ற மாலுமி விசா.

எனக்கு 18 அறை கொடுத்தார்கள். காலையில் ஒரு சுற்று, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு சுற்று. கட்டில் விரிப்பைப் பிடித்து உதறும்போது மூலை நேராக வரவேண்டும், குளியலறைக் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்த் தடம் இருக்கக்கூடாது, கடைசியில் துவாயை மடித்து ஒரு யானை செய்து கட்டிலில் வைக்கவேண்டும். முதல் வாரம் என் யானைக்குத் தும்பிக்கை நிற்கவே இல்லை. பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தார், துவாயை எதிர் எதிர்ப் பக்கமாக இறுக்கிச் சுருட்டினால்தான் நிற்கும். நாம் தூங்குவது நீர்மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத அறையில், இரண்டு பேர், ஒருவர் மேலே ஒருவர் கீழே. வாரத்தில் ஒரு முழு நாள் லீவு என்று ஒன்று கிடையாது. சட்டப்படி 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலம், வாரத்தில் 77 மணித்தியாலம் ஓய்வு தரவேண்டும். அந்தக் கணக்கில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், உண்மை நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆனால் துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊரில் முதல் தடவை இறங்கினேன். தூறல், மூட்டம், மலைக்கு நடுவில் ஒடுங்கிய ஒரு டவுன், கம்பளிச் சட்டையோடு ஆட்கள். ஒரு நிமிசம் ஹப்புத்தளை பஸ் நிலையத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. தூறலில் நனைந்துகொண்டே மேலே ஏறிப் போய், மலையில் பனி கிடப்பதை என் வாழ்க்கையில் முதல் முதலாகப் பார்த்தேன். அங்கே நின்றுகொண்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்து கூடையை இறக்கி வைத்திருந்தார், "குளிராதா ராசா, காதை மூடு" என்றார்.

கஷ்டமும் சொல்லவேண்டும். 2020ல் கொரோனா வந்தபோது பயணிகளை இறக்கிவிட்டு, எங்களோடு கப்பலை மணிலா குடாவில் நங்கூரம் போட்டார்கள். இலங்கை விமான நிலையம் மூடிக் கிடந்தது. நாலு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், சம்பளம் பாதியாகி அப்புறம் நின்றது. அப்பா அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில். கடன் ஒன்றும் இல்லாமல் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்ததால்தான் அன்றைக்கு என் புத்தி நிலையாக இருந்தது. வட்டிக்காசில் வந்திருந்த சில பிள்ளைகள் இரவெல்லாம் மேல்தளத்தில் நடந்துகொண்டே இருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் பழம் பறித்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறார்களே, நமக்கு அது முடியாதா?

அவர்கள் போவது வேர்க்கிங் ஹொலிடே என்ற விசாவில். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மாதிரி நாடுகள் சில நாடுகளோடு மட்டும் ஒப்பந்தம் போட்டு அதைக் கொடுக்கின்றன. அவுஸ்திரேலியாவின் பட்டியலில் 2024ல் இந்தியாகூடச் சேர்ந்தது. இலங்கைக்கு அது இல்லை. இருக்கிறது என்று யாராவது காசு கேட்டால் பொய்.

நம் கடவுச்சீட்டுக்கு முன் விசா எடுக்காமல் போகக்கூடிய இடங்கள் குறைவு, ஆனால் நல்ல இடங்கள். சிங்கப்பூர், மாலைதீவு, சீசெல்ஸ். நேபாளத்தில் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இறங்கும்போதே விசா, வருசத்தில் முதல் 30 நாளுக்குக் கட்டணம் கிடையாது. என் முதல் சொந்தப் பயணம் நேபாளம்தான். மலையில் ஏறி இறங்கி வளர்ந்த கால் நமக்கு, அன்னபூர்ணா பக்கம் நடக்கும்போது கூட வந்த ஐரோப்பியர்கள் மூச்சு வாங்கினார்கள், எனக்கு கொழுந்துக்கூடை இல்லாமல் மலை ஏறுவது இலேசாகவே இருந்தது.

சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாமா?

வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி, எல்லை கடத்தி மியன்மாரில் மியாவதி பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைத்த கதை உங்களுக்குத் தெரியும், இலங்கைப் பிள்ளைகளும் அதில் மாட்டினார்கள். தட்டச்சு மட்டும் தெரிந்தால் போதும், ஆயிரம் டொலர் சம்பளம், டிக்கட்டும் நாங்களே போடுகிறோம் என்று வந்தால் அப்படியே அந்த இலக்கத்தைத் தடை செய்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது. அது இல்லாமல் முடியுமா?

முடியாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற ஆங்கிலம் வேறு, அவர்கள் கேட்கிற ஆங்கிலம் வேறு. அறை சுத்தம் செய்யும் வேலைக்கு இருநூறு முந்நூறு வாக்கியம் தயங்காமல் வாயில் வந்தால் நேர்முகத்தைத் தாண்டலாம். இலக்கணப் புத்தகத்தோடு உட்காராமல், ஹப்புத்தளை, எல்ல பக்கம் வரும் பயணிகளோடு பேசிப் பழகுங்கள். நான் எல்லயில் இருந்தபோது தினமும் வேலை முடிந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போய், ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பேன். அதுதான் எனக்கு டியூசன். சிங்களமும் நன்றாகப் படியுங்கள். நாம் தமிழ், சிங்களம், கொஞ்சம் ஆங்கிலம் என்று மூன்றோடு போகிறோம், அது சின்ன விசயம் இல்லை.

பெண்பிள்ளைகள் போகலாமா?

போகலாம், நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ போய்விட்டார்களே. எத்தனை லயத்தில் அம்மா வீட்டு வேலைக்கு சவூதியிலோ குவைத்திலோ இருக்க, பிள்ளை அம்மாயியிடம் வளர்கிறது! அந்தக் காசில்தான் எத்தனையோ பேர் உயர்தரம் படித்தார்கள். அவர்களுக்கு அங்கே நடந்த கொடுமைகளும் நமக்குத் தெரியும். நான் சொல்வது, வீட்டுக்குள் தனியாக அடைபடும் வேலையைவிட, பலபேரோடு சேர்ந்து செய்கிற, சான்றிதழோடு போகிற வேலையைத் தேடுங்கள் என்பதுதான். ஹோட்டல் வரவேற்பு, சமையற்கட்டு, பேக்கரி, ஸ்பா. என் சித்தி மகள் தேசிய தொழிற் தகைமை நாலாம் மட்டம் பேக்கரியில் எடுத்து இப்போது மாலைதீவில் இருக்கிறாள், கூட வேலை செய்கிறவர்களில் பாதி பெண்கள், தங்குமிடம் தனி. கடவுச்சீட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், எல்லாக் காகிதத்தையும் படம் எடுத்து அம்மாவுடைய போனிலும் ஒரு பிரதி வையுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இதேதான்.

காசை எப்படி வைத்துக்கொள்வது? வீட்டுக்கு அனுப்பி அனுப்பியே தீர்ந்துவிடுகிறதே?

முதல் ஒப்பந்தத்தில் நான் சேர்த்தது 2,800 டொலர். மூன்றாகப் பிரித்தேன், ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவே, ஒரு பங்கு பயணத்துக்கு. பயணப் பங்கை வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால்தான் பிறகு சண்டை வரும். டொலராக வைத்தது எவ்வளவு நல்லது என்பது 2022ல் தெரிந்தது, 200 ரூபாய் சொச்சத்தில் இருந்த டொலர் சில வாரத்துக்குள் 360ஐத் தொட்டது. உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலமாக, அனுப்பாதீர்கள். இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும், ஆனால் நாளைக்கு வீடு கட்ட லோன் கேட்கும்போது, விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்டும்போது, உங்கள் பெயரில் ஒரு வரவும் இருக்காது.

ஊருக்கு வந்தவுடன் ஓட்டோ வாங்குவது, காது குத்துக்கு மூன்று நாள் மைக்செட் போடுவது, இதெல்லாம் அவரவர் விருப்பம். நான் செய்யவில்லை.

அம்மா அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? லயத்து வீடு என்ன ஆகும்?

இதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. லயத்துக் காம்பராவுக்கு நம்மிடம் உறுதி கிடையாது, தோட்டத்தில் யாராவது பெயர் பதிந்து வேலை செய்கிறவரைக்கும்தான் அது நம் வீடு என்ற பயம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. வீட்டில் ஒரே பிள்ளை என்றால், அப்பா அம்மா ஓய்வு பெறும் காலத்தை முதலில் கணக்குப் பாருங்கள். அவர்களுடைய சேமலாப நிதி இலக்கமும் பெயரும் அடையாள அட்டையோடு பொருந்துகிறதா என்று நீங்கள் இங்கே இருக்கும்போதே சரிபார்த்துக் கொடுங்கள். முப்பது வருசம் கொழுந்து எடுத்த காசு ஒரு எழுத்துப் பிழையால் மாட்டிக்கிடக்கக் கூடாது. நான் முதலில் சேர்த்த காசில் வாங்கியது டவுனுக்குக் கிட்டே ஏழு பேர்ச் காணி. அதன் உறுதியை அப்பா கையில் கொடுத்தபோது அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

இந்தியாவில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். தேடிப் போகலாமா?

கட்டாயம் போங்கள், எந்த நாட்டுக்குப் போவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

அப்பாயியின் தங்கச்சி குடும்பம் 1972ல் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அந்தக் காலத்தில் போனவர்களில் நிறையப்பேரை நீலகிரியில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நீலநிற விமானக் கடிதம், மடிப்பில் கிழிந்து, விலாசத்தில் கோத்தகிரி என்ற சொல் மட்டும் வாசிக்கக்கூடியதாக. 2018ல் இரண்டாம் ஒப்பந்தத்துக்கும் மூன்றாம் ஒப்பந்தத்துக்கும் நடுவில் திருச்சிக்கு விமானம் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறினேன். வளைவு வளைவாக மேலே போகப் போக சன்னலில் தேயிலை. கோத்தகிரியில் இறங்கி ஒரு தேநீர்க் கடையில் விசாரித்தேன். "சிலோன்காரங்க லைனா? அந்தா, மேலே" என்றார்கள். இங்கே நம்மை இந்தியாக்காரர் என்றார்கள், அங்கே சிலோன்காரர்.

மூன்றாவது வீட்டில் இருந்தார் சின்ன அப்பாயி. எண்பதுக்கு மேலே வயசு. கொழுந்துக் கறை ஏறிய அதே விரல், அதே மூக்கு. நான் யார் என்று சொன்னதும் அழவில்லை, என் கையைப் பிடித்து இழுத்து இஸ்தோப்பில், அதுதான் முன் திண்ணையில், உட்கார வைத்து, "நம்ம பீலில இன்னும் தண்ணி வருதா?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. அக்கா எப்போது செத்தார் என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார். அன்றைக்கு இரவு ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்துக் கொடுத்தார்கள். நாற்பத்தாறு வருசம் ஆகியும் அந்த வீட்டில் அது மாறவில்லை.

போகிறவர்கள் பழைய குடும்ப அட்டை, கடிதம், படம் எதுவாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். தோட்டத்தின் பெயரோடு டிவிசன் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வயசானவர்களுக்கு ஞாபகம் இருப்பது அதுதான். இப்போது நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023ல் தொடங்கிய பயணிகள் கப்பலும் இருக்கிறது, காலநிலையைப் பொறுத்து ஓடும்.

திரும்பி ஊரிலேயே இருந்துகொண்டு பயண வாழ்க்கை வாழ முடியுமா?

நான் இப்போது அப்படித்தான். கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் 22 கட்டம், 300 கிலோமீற்றருக்கு மேலே. பழைய கோப்பி, தேயிலை வண்டிப் பாதைகளைச் சேர்த்துச் செய்தது. நம் பாட்டன்மார் வெட்டிய பாதை அது. அதில் நடக்க உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், ஆனால் பாதையின் கதையைச் சொல்ல நம் பிள்ளைகள் மிகக் கொஞ்சப்பேர்தான் இருக்கிறார்கள். இது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வழிகாட்டி உரிமம் எடுங்கள், தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை இருக்கிறது, நமக்குத் தொடங்கப் பிரதேச வழிகாட்டி போதும். உரிமம் இல்லாமல் கூட்டிப்போனால் ஒருநாள் பொலிஸ் நிறுத்தும், அப்புறம் பயணிக்கு முன்னால் தலை குனிய வேண்டும்.

லயத்தைப் படம் எடுக்க வருகிறவர்களை நான் நேராக இஸ்தோப்புக்குக் கூட்டிப்போவதில்லை. முதலில் கேட்பேன், வீட்டுக்காரர் சரி என்றால் மட்டும், தேநீருக்குக் காசும் அவர் கையிலேயே. பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்க விடமாட்டேன்.

அப்போ இனி நீங்கள் வெளிநாடு போகமாட்டீர்களா?

போவேன். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும், பிறகு ஜூலை ஆகஸ்ட், இங்கே வேலை. ஒக்டோபர் நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும், பாதையில் அட்டைக்கடி, மூட்டத்தில் எதுவும் தெரியாது, அதுதான் என் பயணக் காலம். இந்தத் தடவை டார்ஜிலிங் போய் அங்கே கொழுந்து எடுக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும், போகிற வழியில் கோத்தகிரி. சின்ன அப்பாயி போனில் பீலித் தண்ணீர் ஒரு போத்தல் கேட்டார். கைப்பையில் விடமாட்டார்கள், மூடியை இறுக்கி, பொலித்தீனில் சுற்றி, உள்ளே போடும் பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வைத்தால் பிரச்சினை இல்லை.